சாவியைக் கொடுக்க வந்தவள்

பிப்ரவரி 3

அண்ணா,

மூணு நாளா போன் அடிச்சுக்கிட்டே இருக்கே. நான்தான் எடுக்கலை. போன்ல கேட்டா நீ "ம்... ம்..."னு சொல்லியே நழுவிடுவே. ரொம்ப நெருக்கினா காது கேக்கலைன்னுடுவே. அதனால எழுதறேன். நீயும் எழுதியே பதில் சொல்லு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் பொண்ணு டிவியில என்னமோ தேடிட்டு இருந்தா. திடீர்னு பார்த்தா நம்ம படம்! பெரிய வீட்டு மருமக படம்தான். நாம பார்த்தப்பவே அது பழைய இந்திப் படம். இப்போ கீறலெல்லாம் எடுத்துப் பளபளன்னு ஆக்கி, கீழே தமிழ்ல எழுத்து வேற ஓடுது. "அம்மா, நீ வாய் ஓயாம சொல்லுவியே, அதானே?"ன்னு சத்தத்தைக் கூட்டி வச்சா. ரெண்டு பேரும் அசையாம உட்கார்ந்து பார்த்தோம்.

கடைசிக் காட்சி வர்றதுக்கு முன்னாடியே அவ தொடையைத் தட்டிச் சொன்னேன். "இப்போ பாரு. வீட்டுச் சாவிக்கொத்தோட மாடிப்படி இறங்கி வருவா. மொத்தக் குடும்பமும் நிக்கும். ஒருத்தரும் மூச்சு விட மாட்டாங்க. 'நான் மன்னிப்புக் கேட்க வரலை, சாவியைக் கொடுக்க வந்தேன்'னு ஒரே போடு போடுவா பாரு."

அவ இறங்கி வந்தா. வாயைத் திறந்தா. கீழே எழுத்து வந்துச்சு: "என்னை மன்னித்துவிடுங்கள். இந்த வீட்டில் ஒரு மூலை போதும்."

பொண்ணு என்னைத் திரும்பிப் பார்த்தா. என் முகத்துல ஈயாடலை. "எழுத்து தப்பா இருக்கும்மா"ன்னா. எதிர் வீட்டு டாக்டரம்மாவுக்கு இந்தி தாய்மொழி. கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உட்கார வச்சு, அந்த இடத்தை மூணு தடவை போட்டுக் காட்டினேன். எழுத்து சரிதானாம். மன்னிப்புத்தான் கேக்கறாளாம்.

அண்ணா, நம்ம ஊர்க் கொட்டகையில யாருக்கும் இந்தி தெரியாது. உனக்குத் தெரியும்னுதான் மேனேஜர் உன்னைப் படம் ஓட்டற ஆபரேட்டர் அறையில உட்கார வச்சு, வசனத்தையெல்லாம் மைக்ல தமிழ்ல சொல்ல வச்சார். இருபத்துமூணு வயசுல கைக்குழந்தையோட ஆறு தடவை அந்தப் படத்தை உன் குரல்லதான் பார்த்தேன். முதல் தடவை பார்த்த மறுநாள்தான் புருஷன் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன்னு நின்னேன்.

ஐம்பத்தோரு வருஷமா நான் எதை நம்பி நின்னேன்? பதில் எழுது.

தங்கச்சி


பிப்ரவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று முறை வாசித்தேன். உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்; முதலாவது, இரண்டாவது என்று எண் போட்டு எழுதியதையெல்லாம் அடித்துவிட்டேன். மன்னிக்கவும், தாள் கொஞ்சம் அழுக்காக இருக்கிறது.

அந்தக் கொட்டகையின் ஒலிபெருக்கி மிக மோசம். ஆபரேட்டர் அறைக்குள் இயந்திரத்தின் இரைச்சல் வேறு. வசனம் ஓடும் வேகத்தில் மொழிபெயர்க்கும்போது பிழைகள் நேர்ந்திருக்கலாம். நான் இந்தியைத் தபால் வழியாகப் படித்தவன் என்பதும் உனக்குத் தெரியும். தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்து ஊர் என்னைப் பண்டிதனாக்கிவிட்டது. என் தகுதியைப் பற்றி எனக்கு என்றுமே ஐயம் உண்டு.

ஒரு விசித்திரமான தற்செயல். நகர நூலகத்தில் ஒரு திரைப்பட வட்டம் இருக்கிறது. மார்ச் பதினாறாம் தேதி மாலை நான்கு மணிக்கு அவர்கள் இதே படத்தை, எழுத்துகள் இல்லாமல், பழையபடியே ஒருவர் மைக்கில் தமிழில் சொல்ல, திரையிடப் போகிறார்களாம். யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். கல்லூரியில் இந்தி கற்பிக்கும் பேராசிரியை ஒருவர் வீட்டுக்கே வந்து, முழு வசனத்தையும் மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்த தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனார். மிகச் சரியான மொழிபெயர்ப்பு. நான் பார்த்தவரை ஒரு குறையும் இல்லை.

எனக்கு எழுபத்தெட்டு ஆகிவிட்டது. மறுத்துவிடலாம் என்றுதான் நினைக்கிறேன்.

உன் முழங்காலைக் கவனித்துக்கொள். அறுவைச் சிகிச்சை என்றைக்கு?

உன் அண்ணன்


பிப்ரவரி 14

அண்ணா,

என்னை என்ன, உன் பதிவு ஆபீஸுக்குப் பத்திரம் எழுதிக்க வந்த ஆள்னு நினைச்சியா? "பிழைகள் நேர்ந்திருக்கலாம்"! நேர்ந்திருக்கலாமாம்!

நீ பிழை பண்ற ஆளா? உப்பு டப்பாவுல உப்புன்னு சீட்டு ஒட்டி, சர்க்கரை டப்பாவுல "இது உப்பு அல்ல"ன்னு சீட்டு ஒட்டின ஆளு நீ. அண்ணி உசுரோட இருந்தவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. படம் வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை காலி கொட்டகையில ஓட்டச் சொல்லி, நோட்டுப் புத்தகத்துல வரிவரியா எழுதி வச்சுக்கிட்டுத்தான் மைக்கைத் தொட்டே. அந்த நோட்டை நானே பார்த்திருக்கேன். இயந்திரச் சத்தமாம், ஒலிபெருக்கியாம். பூசி மெழுகாதே.

ஒரு தடவை தப்பா வந்தா பிழை. ஆறு தடவையும் ஒரே மாதிரி, ஒரு சொல் மாறாம வந்தா அதுக்குப் பேர் என்ன? நீதான் படிச்சவன், சொல்லு.

எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். என்னைத் தப்பா வழி காட்டினியா இல்லையா? நான் தையல் ஆலையில துணி வெட்டற மேசை முன்னாடி நின்னது, தனியாப் பொண்ணை வளர்த்தது, அந்த வீட்டு வாசலை அப்புறம் மிதிக்காதது எல்லாத்துக்கும் அடியில கிடக்கறது ஒரு பொய்யா?

மறுத்துடலாம்னு எழுதியிருக்கே பாரு, அதுதான் நீ. எழுபத்தெட்டு வயசுலயும் மாறலை.

ஆபரேஷன் மார்ச் எட்டு. பேச்சை மாத்தாதே.


பிப்ரவரி 22

அன்புள்ள தங்கைக்கு,

நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். வேறு விதமாக எழுத எனக்கு வராது.

படம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அந்த வசனத்தைச் சரியாகவே சொன்னேன். என் நோட்டில் இன்றும் இருக்கிறது: "என்னை மன்னித்துவிடுங்கள்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அப்பா என்னைக் கூப்பிட்டார். நீ கேட்காமல் போய்த் தையல் தேர்வு எழுதினாய் என்று உன் புகுந்த வீட்டார் உன்னைக் குழந்தையோடு அனுப்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது. எழுத்தில் மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பதிவு அலுவலக எழுத்தர் வீட்டிலேயே இருக்கும்போது கடிதம் எழுத வேறு ஆளை எதற்குத் தேட வேண்டும்? அப்பா கருத்தைச் சொன்னார், நான் எழுதினேன்.

நல்ல கடிதம் அது. அதுதான் கொடுமை. "அறியாமையால் விளைந்த பிழை" என்ற தொடரை அப்பா சொல்லவில்லை. நானே யோசித்துச் சேர்த்தேன். வாசித்துக் காட்டியதும் அப்பா "பலே" என்றார். எனக்கு உள்ளூர ஒரு சின்ன மகிழ்ச்சிகூட வந்தது. "இனி அனுமதியின்றி வாசல் தாண்டமாட்டேன்" என்ற வரியை எழுதும்போது மட்டும் கை நின்றது. ஆனால் எழுதினேன். கீழே நீ கையெழுத்துப் போடக் கோடும் போட்டேன். செவ்வாய்க்கிழமை உன் மைத்துனர் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. நீ அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்தாய். நான் பேனாவுக்கு மை போடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை மதியக் காட்சிக்கு நீ பக்கத்து வீட்டுப் பெண்களோடு வந்தாய். ஆபரேட்டர் அறையின் சதுர ஓட்டை வழியாகப் பார்த்தேன். பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசை, மடியில் குழந்தை. கடைசிக் காட்சி வந்தது. நோட்டு திறந்துதான் இருந்தது. சரியான வசனம் கண் முன்னால் இருந்தது. வாய் வேறொன்றைச் சொல்லியது.

"நான் மன்னிப்புக் கேட்க வரவில்லை. சாவியைக் கொடுக்க வந்தேன்."

வீட்டில் நான்கு பேர் முன்னால் சொல்ல முடியாததை, இருட்டில் நானூறு பேர் முன்னால் சொன்னேன். யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாது என்பதால்தான் சொன்னேன். அவள் சாவிக்கொத்தைத் தரையில் வைத்ததும் மாமியாரின் குரல் மட்டும் "உள்ளே வா" என்று கூப்பிடும். இப்போது அது பொருந்தாதே! "போகாதே" என்று மாற்றினேன். பிறகு திறந்த கதவைக் காட்டிப் படம் முடிந்தது. கூட்டம் எழுந்து கைதட்டியது.

மறுநாள் நீ அந்தக் கடிதத்தை நான்கு துண்டாக மேசைமேல் போட்டாய். அப்பா போட்ட சத்தத்தில் அம்மா அழுதாள். நான் அப்போதும் பேனா மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

அதன்பின் பழைய வசனத்துக்குத் திரும்ப முடியவில்லை. ஒரு நாள் ஒன்றும் மறுநாள் வேறொன்றும் சொல்வது என் இயல்புக்கு ஒத்துவராது. பதினோரு வாரமும் அதையே சொன்னேன். இந்தி தெரிந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மேனேஜரிடம் புகார் செய்தார். மேனேஜர் என்னிடம் வந்து, "அவ மன்னிப்புக் கேட்ட மூணு நாளும் பாதி நாற்காலி காலியா கிடந்துச்சு. நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க, படிச்ச மனுஷன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

உன்னை நான் தள்ளிவிட்டேனா என்ற கேள்வியை ஐம்பத்தோரு வருடமாக எனக்குள் வைத்திருக்கிறேன். நீ ஆலையில் நின்று காய்ச்சலோடு வீடு திரும்பிய ஒவ்வொரு முறையும் அது வந்தது. கேட்கத் துணியவில்லை.

நூலகத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டேன். பேராசிரியை கொடுத்ததை அப்படியே வாசிக்கப் போகிறேன். ஒரு முறையாவது உண்மையைச் சொல்லி அந்தக் கணக்கை முடித்துவிட வேண்டும். இது சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அண்ணன்


மார்ச் 1

அண்ணா,

உன் கடிதத்தைப் படிச்சுட்டு ரெண்டு நாள் அதைக் கையிலேயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். பொண்ணு பயந்துட்டா.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ. நீ என்னைத் தள்ளலை. உனக்கு அவ்வளவு பலம் ஏது? அந்தக் கடிதம் திங்கட்கிழமை காலையிலேயே என் பையில நாலு துண்டா கிடந்துச்சு. அம்மா குளிக்கப் போனப்போ கிழிச்சேன். கொட்டகைக்குப் போகும்போது பையில அதுதான் இருந்துச்சு, குழந்தையோட பால் புட்டிக்குப் பக்கத்துல.

ஆனா கிழிச்சதுல இருந்து, சாயங்காலம் நானே உட்கார்ந்து ஒட்டிக் கையெழுத்துப் போட்டுடுவேனோன்னு பயம். உலகத்துலயே நான் ஒருத்திதான் இப்படிப் பண்ணியிருக்கேன்னு நினைச்சேன். அப்போதான் அவ இறங்கி வந்து அப்படிச் சொன்னா. அட, இன்னொருத்தி இருக்கா! அவ்வளவுதான் அண்ணா. வழி காட்டலை. கூட நின்னா.

அதனாலதான் டிவியில பார்த்ததும் அப்படி ஒரு கோபம். அத்தனை வருஷம் கூடவே நின்னவ என்னை விட்டுட்டு அவங்க கால்ல போய் விழுந்த மாதிரி இருந்துச்சு. உன் கடிதம் வந்தப்புறம்தான் தெரியுது, கூட நின்னது அவ இல்லை. பேனா மூடியைத் திருகிட்டு நின்னியே, அந்த ஆளு.

இன்னும் ஒண்ணு. நேத்து அந்தக் காட்சியைச் சத்தமே இல்லாம, எழுத்தும் இல்லாம போட்டுப் பார்த்தேன். மன்னிப்புக் கேக்கற மூஞ்சி எனக்கு நல்லாத் தெரியும். அந்த வீட்ல எத்தனை தடவை அதை மாட்டிக்கிட்டு நின்னிருக்கேன்! முதல்ல கண்ணு தரைக்குப் போகும். அப்புறம் தோள் சுருங்கும். இவளுக்கு ரெண்டும் இல்லை. கண்ணு நேரா நிக்குது. சாவியை வைக்கும்போதுகூடக் குனியலை, முழங்காலை மடக்கி வச்சுட்டு நிமிர்றா. எழுதிக் கொடுத்ததை வாயால சொல்லியிருக்கா பாவம், வேலையாச்சே. முகத்தை மட்டும் அவங்களுக்குக் கொடுக்கலை. இந்தப் படத்தை இன்னும் சனங்க தேடித் தேடிப் பார்க்கறாங்களே, வசனத்துக்கா பார்க்கறாங்க? அந்த முகத்துக்குத்தான். நீ அன்னைக்குச் சொன்னது அந்த முகத்துல இருந்த வசனம்.

அதனால அந்த டைப் அடிச்ச பேப்பரை வாசிச்சு நல்ல பேர் வாங்கற வேலையை விடு. உண்மை சொல்லணும்னா முழு உண்மையும் சொல்லு. படத்துல இது இருக்கு, நான் இதைச் சொன்னேன், இன்னாருக்காகச் சொன்னேன்னு சொல்லு. அறைக்குள்ள ஒளிஞ்சு பேசினது போதும், மைக்கைத் தூக்கிட்டு வெளிய வா. நான் வந்து முதல் வரிசையில உட்கார்ந்திருப்பேன், ஆனா இந்த முட்டி விடலை.

அதைச் சொல்லாம திரும்பி வந்தியோ, அப்புறம் போன் எடுக்கவே மாட்டேன்.

வாலு

(சின்ன வயசுல நீ வச்ச பேர்தான். ஞாபகம் இருக்கா?)


மார்ச் 18

வாலுவுக்கு,

அறுவைச் சிகிச்சை நன்றாக நடந்ததாக உன் பெண் தெரிவித்தாள். நிம்மதி.

நூலகத்தில் எனக்காகப் பின்பக்கம் தடுப்பு வைத்து ஒரு மேசை போட்டிருந்தார்கள். வேண்டாம், திரைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போதும் என்றேன். பேராசிரியை, "எல்லாரும் உங்களைப் பார்ப்பாங்களே சார், கூச்சமா இருக்காதா?" என்றார். இருக்கும் என்றேன். நூற்றைம்பது பேர் இருந்திருப்பார்கள். முன்வரிசைகளில் பெரும்பாலும் உன் வயதுப் பெண்கள். அந்தக் கொட்டகையில் பார்த்தவர்கள்.

இரண்டரை மணி நேரம் தாளில் உள்ளதை ஒழுங்காகச் சொன்னேன். கடைசிக் காட்சியில் எங்கே நிறுத்த வேண்டும், என்ன பேச வேண்டும் என்றெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைத்திருந்தேன். அவள் மாடிப்படியில் இறங்கினாள். உன்னிடம் மறைக்க விரும்பவில்லை: பயந்துவிட்டேன். சீட்டை விட்டுவிட்டுத் தாளையே வாசித்தேன். "என்னை மன்னித்துவிடுங்கள்..."

"என்னது?" என்று இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அவ அப்படிச் சொல்ல மாட்டாளே!"

"யாருய்யா அது மைக்ல? ஆளை மாத்திட்டாங்களா?"

"பேப்பரைப் பார்த்துப் படிக்கிறார் பாரு. பழைய ஆளு சொன்னா படிக்கிற மாதிரியே இருக்காது."

அதற்குள் ஓர் அம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். "நான் மன்னிப்புக் கேட்க வரலை, சாவியைக் கொடுக்க வந்தேன்! இதுதானே வசனம்? என் மருமககிட்டகூடச் சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்."

வாலு, உன் ஒருத்தியிடம் சொன்னதாகத்தான் நான் நினைத்திருந்தேன்.

படத்தை நிறுத்தச் சொன்னேன். விளக்கைப் போட்டார்கள். எழுந்து நின்றேன். மைக் கையில் ஆடியது. ஆடட்டும் என்று விட்டுவிட்டேன். "பழைய ஆள் நான்தான். இந்தத் தாளில் இருப்பதுதான் படத்தில் இருக்கும் வசனம். நீங்கள் சொல்வது படத்தில் இல்லை, நான் சொன்னது" என்றேன். ஏன் சொன்னேன் என்பதையும் சொன்னேன். கடிதம் எழுதியதை, "பலே"யை, பேனா மூடியை, எல்லாவற்றையும். எத்தனை நிமிடம் பேசினேன் என்று தெரியவில்லை. குறித்து வைக்க மறந்துவிட்டேன்.

நின்றுகொண்டிருந்த அம்மாள் கேட்டார்: "அப்போ உங்க தங்கச்சி கையெழுத்துப் போட்டுச்சா?"

"போடவில்லை."

"அப்புறம் என்ன? படத்தைப் போடுங்க" என்று சொல்லி உட்கார்ந்தார்.

பேராசிரியை என் காதருகே, "இப்போ எதைச் சொல்லப் போறீங்க சார்? சரியானது அது இல்லையே" என்றார். நான் இதுவரை யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. "உங்கள் தாள் சரியானது அம்மா. அந்த முகத்தைப் பாருங்கள். அதையும் யாராவது மொழிபெயர்க்க வேண்டும் அல்லவா?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மாடிப்படியிலிருந்து மறுபடி ஓட்டினார்கள். நீ சொன்னது சரி, கண் தாழவே இல்லை. இந்த முறை அந்த வசனத்தை நான் தனியாகச் சொல்லவில்லை. பாதிக் கூடம் என்னோடு சேர்ந்து சொன்னது. மாமியார் குரல் வந்ததும் அதை மாற்றவில்லை. "'உள்ளே வா' என்று கூப்பிடுகிறாள்" என்று சரியாகவே சொன்னேன். திறந்த கதவு தெரிந்தது. தாளில் இல்லாத ஒன்றைச் சேர்த்தேன்: "அவள் போனாளா என்று படத்தில் காட்டவில்லை."

இருட்டில் யாரோ சொன்னார்கள்: "போக மாட்டா."

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அந்தக் கடிதத்தை எழுதும்போது அடியில் கார்பன் வைத்திருந்தேன்; அலுவலகப் பழக்கம். நீ கிழித்தது மேல் தாள். நகல் இத்தனை வருடமாக என் கோப்பில் இருந்தது. எறியவும் துணிவில்லை, எடுத்துப் பார்க்கவும் துணிவில்லை. இது உன்னுடையது. நீயே கிழித்துவிடு.

போனை எடுப்பாய் அல்லவா?

உன் அண்ணன்


மார்ச் 25

அண்ணா,

உன் கடிதத்தைப் பொண்ணு சத்தமாப் படிச்சா. மைக் ஆடட்டும்னு விட்டேன்னு எழுதியிருக்கே பாரு, அந்த இடத்துல நிறுத்தச் சொல்லி மறுபடி படிக்க வச்சேன்.

நகலையும் படிச்சா. "மாமா என்ன அழகா எழுதியிருக்கார்"ன்னு சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டா. அழகாத்தான் இருக்கு, பாவி.

கிழிக்கலாம்னுதான் கையில எடுத்தேன். அப்புறம் தோணுச்சு, ஒரு தடவை கிழிச்சதே போதும். தாள் மெல்லிசு, கார்பன் மை இந்தப் பக்கம் லேசாத் தெரியுது. ஆனா பின்பக்கம் முழுக்கக் காலி. அதுலதான் இப்போ எழுதிட்டு இருக்கேன். திருப்பிப் பார்த்துக்கோ.

நீ போட்டு வச்ச கையெழுத்துக் கோடு முன்பக்கம் அப்படியே காலியா இருக்கு. இருக்கட்டும். நான் இந்தப் பக்கம் போடறேன்.

வாலு